வாசகர் கேள்வி – பதில்: பெற்றோர் பிரியும் வீட்டில் பிள்ளைகள்

கணவன் மனைவி பிரிவு, விவாகரத்து, அவற்றுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் ஆகியவை குறித்துச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இவ்விதழில் எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்களை ஊரில் யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விகளின் சாரத்தில் கை வைக்கவில்லை.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் ஒத்துவராததால் ஓராண்டுக்கும் மேலாகக் கானாடுகாத்தானில் என் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இருவரும் சேர்ந்தே பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனுச் செய்திருக்கிறோம். 7 வயது மகனிடம் இதுவரை "அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) லீவு கிடைக்கவில்லை" என்றே சொல்லிவருகிறோம். சில வாரங்களாக அவன் இரவில் படுக்கையை நனைக்கிறான். பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறான். "விவரம் தெரியாத பிள்ளை, அவனிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்" என்று என் தாயார் தடுக்கிறார். சொல்லலாமா? எப்படிச் சொல்வது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: சகோதரி, சொல்லத்தான் வேண்டும், இனியும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் தாயார் நினைப்பதுபோல் அவன் விவரம் தெரியாத பிள்ளையாக இப்போது இல்லை. நம் ஊர் வீடுகளின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். பட்டாலையில் அமர்ந்து பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதும், உள்முற்றமான வளவில் நடந்துகொண்டே நீங்கள் வக்கீலிடம் தொலைபேசியில் பேசுவதும் இரண்டாங்கட்டில் விளையாடும் பிள்ளையின் காதில் விழாமல் போவதில்லை. தான் உள்ளே வந்ததும் பேச்சு சட்டென்று நின்றுவிடுவதையும் அவன் கவனித்திருப்பான். அரைகுறையாகக் கேட்டதன் மீதியை அந்த வயதுப் பிள்ளைகள் தாமே இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். அப்படி நிரப்பும்போது பெரும்பாலும் தங்களையே காரணமாக வைத்துக்கொள்கிறார்கள். "நான் சேட்டை செய்ததால்தான் அப்பச்சி வரவில்லை" என்று யாரும் சொல்லித்தராமலேயே அவன் முடிவுகட்டியிருக்கக்கூடும். அந்த எண்ணத்தை எடுத்துப்போட உங்களாலும் அவன் தந்தையாலும் மட்டுமே முடியும்.

இருவரும் சேர்ந்து சொல்வதே நல்லது. அவர் வெளிநாட்டில் இருப்பதால் காணொளி அழைப்பில் சேர்ந்துகொள்ளட்டும்; ஆனால் அதற்கு முந்திய நாளே, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை இருவரும் பேசி முடித்துவிட வேண்டும். பிரிவுக்கான காரணங்களை அவனிடம் விளக்க வேண்டியதில்லை. தவறு யார் மீது என்பது அவனுக்குத் தேவையில்லாத செய்தி. அதைச் சுமக்கும் வயதும் அவனுக்கு ஆகவில்லை. "அம்மாவும் அப்பச்சியும் இனி ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை. இது பெரியவர்கள் நாங்கள் எடுத்த முடிவு. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. அவர் எப்போதும் உன் அப்பச்சிதான், நான் எப்போதும் உன் அம்மாதான்" என்ற அளவில், உங்கள் வீட்டுப் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள்.

கேட்டவுடன் அவன் அழுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். பல பிள்ளைகள் அழுவதில்லை, "சரி, நான் சைக்கிள் ஓட்டப் போகட்டுமா?" என்று எழுந்து போய்விடுவார்கள். மனத்தில் உறைக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு நாள் கழித்து, நீங்கள் தலை துவட்டிவிடும் நேரத்தில், கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். இந்த வீட்டில்தானே இருப்போம், பொங்கலுக்கு அப்பச்சி வருவாரா, எனக்குப் புதுமைச் சடங்கு வைக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பாரா, அப்பத்தா வீட்டுக்கு இனிப் போகலாமா என்பவைதாம் அவனுடைய கேள்விகள். தெரிந்ததற்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்கள். முடிவாகாததற்கு "அப்பச்சியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று கூறி, சொன்னபடி கேட்டுச் சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் ஒரே பதிலைக் கொடுங்கள். "பிள்ளையார்பட்டிக்குப் போய் வேண்டிக்கொள், அப்பச்சி வந்துவிடுவார்" என்று பாசத்தினால் யாராவது ஆறுதல் சொல்லக்கூடும். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அவர் வராதபோது, தான் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

தந்தையோடு பேசுவதற்கு நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. இங்கே மாலை 7 மணி என்றால் அங்கே இரவு 9.30. இருவருக்கும் தோதான ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மாற்றாமல் காப்பாற்றுங்கள். உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் வழங்கிய ஒரு தீர்ப்பில், குழந்தையை உடன் வைத்திருக்காத பெற்றோருக்கும் தொலைபேசி, காணொளி வழியாக நாள்தோறும் சில நிமிடங்கள் அக்குழந்தையோடு பேசும் உரிமை வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறது. அவன் பேசும்போது பக்கத்தில் நின்று, அதைச் சொல், இதைக் கேள் என்று எடுத்துக்கொடுக்காமல் இருப்பது உங்கள் பங்கு.

படுக்கை நனைப்பதைப் பொறுத்தவரை, நெடுநாள் நின்றிருந்து மீண்டும் தொடங்கியிருந்தால், முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உடலில் கோளாறு இல்லையென்றால், மனக்கலக்கத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஏற்படுவது உண்டு, திட்டினால் கூடும். நனைந்த விரிப்பை வளவில் எல்லோரும் பார்க்கக் காயப்போடாமல் பின்கட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வரும் உறவினர் முன்னிலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். வயிற்றுவலியையும் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கலக்கத்தில் வரும் வலியும் அவனுக்கு உண்மையான வலிதான். ஓரிரு மாதங்களில் நிலைமை தேறவில்லை என்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரை நாடுங்கள்.

இன்னொன்று. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, முதல் மனுவுக்குப் பின் 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் பொறுப்பு உட்பட எல்லாவற்றையும் உண்மையாகவே பேசித் தீர்த்துவிட்டவர்களுக்கு அந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எப்படியானாலும் இந்த இடைக்காலத்தை வெறுமனே கழிக்காதீர்கள். கோடை விடுமுறையில் எத்தனை நாள் யாரிடம், பள்ளிக் கட்டணம் யார் செலுத்துவது, அவனுடைய பாஸ்போர்ட் யார் கையில் இருப்பது, அறுவைச் சிகிச்சை போன்ற அவசரத்தில் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்து மனுவோடு சேருங்கள். மனம் நல்ல நிலையில் இருக்கும்போது எழுதிவைப்பவை, கசப்பு மிகும் நாளில் உங்கள் மகனைக் காக்கும்.

கேள்வி: என் மகனும் மருமகளும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 10 வயதுப் பேத்தி தாயோடு காரைக்குடியில் இருக்கிறாள். மகன் சென்னையிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை இரவு பல்லவன் ரயிலில் வருவான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பேத்தி எங்கள் வீட்டுக்கு வருவாள். விவரம் தெரிந்த நாள் முதல் பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீட்டில்தான் அவள் இழை எடுத்துக்கொள்வாள். சென்ற ஆண்டு அனுப்பவில்லை. இந்த ஆண்டு கேட்டதற்கு, "அவளுக்கே வர விருப்பமில்லை" என்று மருமகள் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிள்ளை முன்போல் பேசுவதில்லை. நான் அவள் தாயைப் பற்றி ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை; அங்கே என்ன சமையல், யார் வந்து போகிறார்கள் என்று சும்மா கேட்பதுண்டு, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாமா?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக 21 நாள் எடுத்துச் சேர்த்து, சஷ்டியும் சதயமும் கூடும் மாலையில் மாவில் வைத்து ஏற்றிய இழையை வீட்டுப் பெரியவர் கையால் வாங்கி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் அந்த நேரத்தை எந்த ஊரில் இருந்தாலும் நகரத்தார் குடும்பங்கள் விடுவதில்லை. வரிசையில் ஒரு பிள்ளை குறைந்தால், அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் குறையைப் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. "சும்மா கேட்பதுண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பவருக்கு அது சாதாரணப் பேச்சு. பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அப்படி இல்லை. "நேற்று மாமா வந்திருந்தார்" என்று அவள் சொன்னால், உங்கள் முகம் மாறுவதைப் பார்ப்பாள். அந்தச் செய்தி மகன் வழியாகவோ உறவினர் வழியாகவோ மருமகளின் காதுக்குப் போய்ச் சேரும், "ஏன் போய்ச் சொன்னாய்?" என்று அவள் அங்கே கேட்கப்படுவாள். சொல்லாமல் இருந்தால், அப்பத்தாவிடம் மறைக்கிறோமே என்று உறுத்தும். தாய் வீட்டிலும் இதே விசாரணை நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக நடக்கத்தான் செய்யும். இரண்டு பக்கமும் வாயைத் திறந்தால் யாருக்காவது துரோகம் செய்ததாகும் என்று கண்டுகொண்ட பிள்ளை, இரண்டு பக்கமும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். இந்த வயதில் அவளுக்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றுதான். அதனால் "வர விருப்பமில்லை" என்று அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆச்சி. அதற்கு உங்கள் மீது பாசம் இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிய கேள்விகளை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். உங்கள் மகனையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவளைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பாடம் பிடித்திருக்கிறது, பக்கத்தில் உட்காரும் தோழி யார் என்று கேளுங்கள். கந்தரப்பம் சுடும்போது அவளையும் அடுப்பருகே நிறுத்தி ஒரு கரண்டி ஊற்றச் சொல்லுங்கள். கேள்வியே இல்லாத வேலையைச் சேர்ந்து செய்யும்போதுதான் பிள்ளைகளுக்குப் பேச்சு திரும்பி வருகிறது. அவளாகவே தாயைப் பற்றி ஏதேனும் நல்லது சொன்னால், "அப்படியா, நல்லது" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். தன் தாயைப் பற்றி இந்த வீட்டில் அச்சமில்லாமல் பேசலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, மருமகளோடு நீங்களே நேரடியாகப் பேசுங்கள். பேத்தியிடம் சொல்லியனுப்ப வேண்டாம். சம்பந்தி வீட்டுக்கு இடையாள் அனுப்பவும் வேண்டாம். நோன்பு நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக, "இந்த ஆண்டு உன் வீட்டில் எடுத்துக்கொள்ளட்டும், அடுத்த ஆண்டு இங்கே அனுப்பு, யார் அழைத்து வருவது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை நீயே சொல்" என்று கேட்டுப் பாருங்கள். முதல் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்துக் கேட்கும்போது மறுப்பது எளிதன்று. முறைப்படி எந்த வீட்டில் எடுக்க வேண்டும் என்று வாதிட வராதீர்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, குழந்தைக்கு எது நல்லது என்று மட்டுமே சொல்கிறேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தன்னை விரும்பி அழைக்கிறார்கள் என்ற நிலையில் அவள் வளர வேண்டும்.

நீதிமன்றத்தைக் கேட்டீர்கள். தாத்தா பாட்டிக்குத் தனியாகச் சந்திப்பு உரிமை தரும் சட்டப் பிரிவு நம்மிடம் இல்லை. தந்தை என்ற முறையில் உங்கள் மகன், தனக்குரிய நாட்களில் குறிப்பிட்ட பண்டிகை நாட்களையும் சேர்க்கும்படி கேட்கலாம். கேட்டால் கிடைக்கவும் கிடைக்கலாம். ஆனால் உத்தரவைக் காட்டி அழைத்து வரப்பட்ட பிள்ளை எந்த முகத்தோடு இழை வாங்குவாள் என்று எண்ணிப் பாருங்கள். பேசிப் பார்க்கும் வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு அதற்குப் போகலாம்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறேன். குடித்துவிட்டு அடித்ததால் கணவரை விட்டு வந்து ஓராண்டு ஆகிறது. மகனுக்கு வரும் மாதம் 5 வயது முடிகிறது. "அஞ்சு வயசு முடிஞ்சா ஆம்பளப் பிள்ளை அப்பனுக்குத்தான், சட்டமே அப்படித்தான்" என்று அவர் வீட்டார் மிரட்டுகிறார்கள். அது உண்மையா? செலவுக்கு ஒரு ரூபாய் தராதவருக்குப் பிள்ளையை எதற்குக் காட்ட வேண்டும்?
– வாசகி, ஆத்தங்குடி

பதில்: அது உண்மை இல்லை அம்மா, அஞ்ச வேண்டாம். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று கூறுகிறது. 5 வயது முடிந்த மறுநாள் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்று அதே சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். "பிறகு" என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே விளக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் நலனே முதன்மை என்று அச்சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்கள் பிள்ளையைத் தூக்கிச் செல்ல முயன்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அடி வாங்கியிருப்பதால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனுச் செய்து, பாதுகாப்பு உத்தரவோடு பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பையும் அதே நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்க, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு என்று சொல்லிவந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவாக இருக்கிறது. மனுச் செய்த நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பதால், ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்கள் மகனுக்கு இழப்பு. உடனே மனுச் செய்யுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கோபம் நியாயமானது. ஆயினும் பணமும் சந்திப்பும் தனித்தனி விஷயங்கள். பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுக்கவும் கூடாது. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக அவர் பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் நட்டப்படுவது அந்தச் சிறுவன்தான். அவர் குடித்திருக்கும் நாளில் தனியாக அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நபர் முன்னிலையில், நீதிமன்ற வளாகத்திலோ இருவரும் நம்பும் உறவினர் வீட்டிலோ, பகல் நேரத்தில் மட்டும் சந்திக்கலாம் என்று கேட்டு உத்தரவு பெறுங்கள். குடித்து வந்தால் அன்றைய சந்திப்பு இல்லை என்பதையும் அந்த உத்தரவிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் ஒரே வீட்டில் பேசாமல் நான்கு ஆண்டுகளாக வாழ்கிறோம். பேச வேண்டியதை 13 வயது மகள் வழியாகச் சொல்லிக்கொள்கிறோம். பிரிந்துவிட்டால் நாளை அவளுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்பதற்காகவே பொறுத்துக்கொண்டிருக்கிறோம். இது சரிதானே?
– வாசகர், புதுவயல்

பதில்: ஐயா, சரியில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்", "அம்மாவிடம் கரண்ட் பில் கட்டியாயிற்றா கேள்" என்று நாள் முழுவதும் இரண்டு பக்கமும் செய்தி சுமக்கும் பிள்ளை, வார்த்தைகளோடு சேர்த்து அவற்றில் இருக்கும் வெறுப்பையும் சுமக்கிறாள். கடுமையான சொற்களை மென்மையாக்கிச் சொல்லவும், சிலவற்றைச் சொல்லாமல் விழுங்கவும் இதற்குள் கற்றிருப்பாள். விவாகரத்து என்ற தாளைவிட, பெற்றோரிடையே ஓயாமல் நீடிக்கும் பகைதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது என்பதைக் குழந்தைகள் மனநலத் துறையில் இருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒரு வரனுக்காக, இன்றைக்கு வீட்டில் இருக்கும் மகளின் பருவத்தைச் செலவழிக்கிறீர்கள்.

பிரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடிதடி இல்லாத வீட்டில் இருவருக்கும் விருப்பம் மிச்சமிருந்தால், ஆலோசகர் ஒருவரிடம் சேர்ந்து போய்ப் பாருங்கள். இன்று மாலையிலிருந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எதுவானாலும் மனைவியிடம் நேரடியாகச் சொல்லுங்கள், வாய் வரவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதுங்கள். மகளிடம், "இனி நீ எங்களுக்காகத் தூது போக வேண்டாம், இதுவரை போக வைத்தது எங்கள் தவறு" என்று இருவரும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வழக்கில் இருக்கிறார்கள். நீதிபதி என்னைக் கூப்பிட்டு யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பார் என்று வக்கீல் சொன்னார். எனக்கு இருவரையும் பிடிக்கும். அம்மா இரவில் என்னோடு படுத்துக்கொண்டு அப்பாவைப் பற்றி எல்லாம் சொல்லி அழுகிறார். கேட்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. என்ன செய்வது?
– மாணவி, காரைக்குடி

பதில்: கண்ணம்மா, நீ எழுதியது மிக நல்ல காரியம். நீதிபதி பேசுவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். இத்தகைய வழக்குகளில் நீதிபதிகள் பெரும்பாலும் பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்து, பெற்றோர் இல்லாமல் தனியாகப் பேசுவார்கள். உன் வயதில் நீ சொல்வதற்கு மதிப்பு உண்டு; 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே, தெளிவாக எண்ணிச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தைக் கருதிப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் முடிவு எடுப்பது நீதிபதியின் பொறுப்பு. உன் ஒரு சொல்லால் யாரும் தோற்பதும் இல்லை, வெல்வதும் இல்லை. "எனக்கு இருவரும் வேண்டும், ஒருவரைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியாது" என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொல்வது தவறான பதில் ஆகாது. உன் நாள் எப்படிப் போகிறது, பள்ளிக்கும் டியூஷனுக்கும் எங்கிருந்து போவது எளிது, எங்கே படிக்க முடிகிறது, மற்றவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க விரும்புகிறாய் என்பதையெல்லாம் உள்ளபடி சொல். யாராவது இப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் நீதிபதியிடம் சொல்லலாம்.

அம்மாவின் அழுகை உன்னால் தீர்க்கக்கூடியது இல்லை, கண்ணம்மா. அவருக்கு ஆள் தேவை என்பது உண்மை. அந்த ஆள் நீயாக இருக்க வேண்டியதில்லை. பகல் நேரத்தில், அவர் அழாமல் இருக்கும்போது, "உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும் அம்மா. ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்டால் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை. பெரியம்மாவிடம் பேசுங்கள், என்னோடு வேறு எதுவானாலும் பேசுங்கள்" என்று சொல்லிப் பார். வாயால் சொல்ல வரவில்லையென்றால் எழுதிக் கொடு. உனக்கும் பேச ஒருவர் வேண்டும். நம்பிக்கையான ஆசிரியையோ அத்தையோ இருந்தால் அவரிடம் போ. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் தாய்மார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வளர்ந்த மகள் தோழிபோல் ஆகிவிட்டாள் என்று ஆறுதல் தேடும்போது, நீங்கள் குறை சொல்லும் மனிதர் அவளுடைய தந்தை என்பதை மறந்துவிடுகிறீர்கள். அவரைத் தூற்றும் ஒவ்வொரு சொல்லிலும், தன்னில் பாதியைத் தூற்றுவதாகவே அவள் கேட்கிறாள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பெற்றோர் பிரிந்த மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். மாலையில் வாசலுக்கு இருவரும் வந்து, என்னிடம் அனுப்பு என்று நிற்கும்போது எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
– ஆசிரியை, தேவகோட்டை

பதில்: பிள்ளையைப் பார்த்து "யாரோடு போகிறாய்?" என்று மட்டும் வாசலில் வைத்துக் கேட்டுவிடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலை இரு பெற்றோரிடமும் கேட்டு வாங்கி, அலுவலகக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதன்படி நடங்கள். வாயில் காவலருக்கும் வேன் ஓட்டுநருக்கும் விவரம் தெரிய வேண்டும். உத்தரவு எதுவும் இல்லையென்றால், யார் எந்த நாளில் அழைத்துச் செல்வது என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைத் தலைமையாசிரியர் பெற்றுக்கொள்ளலாம். தகராறு வந்தால் பிள்ளையை உள்ளே அழைத்துச் சென்று வேறொரு வேலையில் அமர்த்திவிட்டுப் பெரியவர்களோடு பேசுங்கள். தடை உத்தரவு இல்லாதவரை மதிப்பெண் பட்டியலையும் பெற்றோர் கூட்ட அழைப்பையும் இருவருக்கும் அனுப்புங்கள். வேண்டுமானால் இருவருக்கும் வெவ்வேறு நேரம் கொடுங்கள். சந்திப்பு நாளுக்கு மறுநாளான திங்கட்கிழமைகளில் அப்பிள்ளை சோர்ந்தோ முரண்டு பிடித்தோ இருந்தால், அன்றைக்கு வீட்டுப்பாடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.